நூற்று எழுபத்தெட்டு டிகிரி மேற்கு

எங்கள் தேவாலயப் பங்கு இதழை நடத்துகிறவர் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் என்னை மடக்கினார். "என்னப்பா, பிஜித் தீவுக்கெல்லாம் போயிட்டு வந்துட்ட. நம்ம பத்திரிகைக்கு ஒரு பயணக் கட்டுரை குடுக்கக் கூடாதா? என்ன சாப்ட, என்ன பாத்த, அம்புட்டுத்தான். நாலு பக்கம் போதும்." தலையாட்டிவிட்டு வந்தேன். மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்வதைவிடக் கட்டுரை எழுதுவது லேசு என்று அப்போது நினைத்தேன். எழுதி முடித்தபின் இதை அவரிடம் கொடுக்கப் போவதில்லை என்று தெரிகிறது. ஆனாலும் அவர் கேட்டபடியேதான் எழுதுகிறேன். என்ன சாப்பிட்டேன், என்ன பார்த்தேன்.

நான் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. என் தம்பி சகாயம் பிஜியிலிருந்து சமோவாவுக்குச் சிமென்ட் ஏற்றிப்போகும் ஒரு சின்னச் சரக்குக் கப்பலில் இயந்திர அறை வேலை பார்த்தான். அந்தக் கப்பல் முழுகிவிட்டது. ரப்பர் மிதவையில் இருந்த ஐந்து பேரை நாலாம் நாள் கண்டுபிடித்தார்கள். அந்த ஐவரில் சகாயம் இல்லை. 'கடலில் காணாமல் போனார்' என்று ஒரே வரியில் தகவல் வந்தது. காகிதங்களில் கையெழுத்துப் போடவும் கரையில் அவன் விட்டுப்போயிருந்த பெட்டியை வாங்கவும் குடும்பத்தில் ஒருவர் சுவா நகருக்கு வர வேண்டும் என்றார்கள். அவன் மனைவி புஷ்பம் போகும் நிலையில் இல்லை. "நான் போறேன்" என்றேன். அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தெருவே பேசியது. அந்தப் பேச்சு காதில் விழாதபடி நான் பின்தெரு வழியாகப் போய் வந்தேன்.

காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்ட எனக்குத் தெம்பில்லை. தேடப்போனவர்களுக்குக் கப்பல் நின்ற இடத்தைத் தப்பாகச் சொன்னவன் நான்.

திண்டுக்கல்லில் மாடி அறை ஒன்றில் இரண்டு கணினிகளை வைத்துக்கொண்டு வரைபட வேலை செய்து வந்தேன். இணையத்தில் வரைபடம் வந்த புதிது. யாராவது இடங்களின் பட்டியலைக் கொடுத்தால், நான் வரைபடத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வைத்துக் கொடுப்பேன். பெரும்பாலும் ஊராட்சிகளின் ஆழ்துளைக் கிணறுகள். நத்தம் பக்கம், நிலக்கோட்டை பக்கம், பாலசமுத்திரம் பக்கம் என்று ஆயிரக்கணக்கில் வரும். எங்கள் மாவட்டத்தில் எங்கே குழி தோண்டினாலும் தீர்க்கரேகை எழுபத்தேழு அல்லது எழுபத்தெட்டு. மூன்றாவதாக ஒரு எண் கிடையாது. பட்டியல் எழுதும் அலுவலர்கள் டிகிரிக்கும் நிமிடத்துக்கும் நடுவே ஒரு சின்னக் கோடு போடுவார்கள், 77-58 என்று. சிலர் எண்ணுக்கு முன்னாலும் ஒரு கோடு போட்டு வைப்பார்கள், அழகுக்கோ என்னவோ. அந்தக் கோடுகள் கணினிக்கு ஆகாது. எனவே எல்லாக் கோட்டையும் ஒரே அமுக்கில் துடைத்து எண்களைச் சரிசெய்கிற மாதிரி ஒரு வழி செய்து வைத்திருந்தேன். எந்தப் பட்டியல் வந்தாலும் முதல் வேலை கோடு துடைப்பதுதான். காலையில் கடை திறந்ததும் வாசல் பெருக்குகிற மாதிரி அது கைப்பழக்கமாகிவிட்டது.

கப்பல் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததே சகாயம்தான். கப்பல் கம்பெனியின் ஏஜென்டிடம் என்னைப் பற்றி அளந்திருக்கிறான். தினம் நண்பகலில் கப்பல் எங்கே நிற்கிறது என்று தலைமை மாலுமி எனக்கு மின்னஞ்சல் அனுப்புவார். நான் புள்ளி வைப்பேன். சுவாவில் இருக்கும் ஏஜென்ட் அந்த வரைபடத்தைத் திறந்து பார்த்துக்கொள்வார், அவ்வளவுதான்.

அதில் ஒரு சிக்கல் உண்டு. லண்டன் பக்கம் பூஜ்யத்தில் தொடங்கிக் கிழக்கே எண்ணிக்கொண்டு போனால் நூற்று எண்பது வரும். மேற்கே எண்ணிக்கொண்டு போனாலும் நூற்று எண்பது வரும். இரண்டும் பசிபிக் கடலில் முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் பிஜி இருக்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளி, நாள் மாறுகிற தேதிக்கோடு. கணினியில் கிழக்கை வெறும் எண்ணாக எழுத வேண்டும். மேற்கென்றால் முன்னால் கழித்தல் குறி போட வேண்டும். முதல் தடவை புள்ளிகளைக் கோட்டால் இணைத்தபோது, நூற்று எண்பதைத் தாண்டிய புள்ளி திரையின் மறு ஓரத்துக்குத் தாவிவிட்டது. கோடு ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு ஓடியது. போனில் சகாயம் விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணே, ஆப்பிரிக்கா மேல கப்பல் ஓட்டிட்டியே, டீசலு யாரு போடுவா?" ஒரு வாரம் மண்டையை உடைத்து வழி கண்டுபிடித்தேன். கழித்தல் குறி உள்ள எண்ணோடு முந்நூற்று அறுபதைக் கூட்டினால் போதும், கோடு ஒழுங்காகப் போகும். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

ஆக, எனக்குத் தெரியாமல் நடந்த தப்பு என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. அந்த வாரம் ஆட்சியர் கூட்டத்துக்காகக் கிணற்றுப் பட்டியல் அவசரமாகக் கேட்டார்கள். கிணறுகளையும் கப்பலையும் ஒரே பட்டியலில் போட்டு, பழக்க தோஷத்தில் கோடு துடைத்துவிட்டேன். கழித்தல் குறியும் ஒரு சின்னக் கோடுதானே. நூற்று எழுபத்தெட்டு மேற்கில் இருந்த கப்பல் நூற்று எழுபத்தெட்டு கிழக்குக்குப் போய்விட்டது. திரையில் பார்க்க ஒரு குறையும் இல்லை. போன கப்பல் எதற்கோ திரும்பி வருவதுபோல் தெரிந்தது.

மறுநாள் கப்பலிலிருந்து தகவல் இல்லை. ஏஜென்ட் போன் செய்து கடைசிப் புள்ளியைக் கேட்டார். திரையைப் பார்த்துப் படித்தேன். மூன்று நாள் அங்கே தேடினார்கள். மூன்றாம் நாள் நிலக்கோட்டையிலிருந்து பூ வேனில் ஏறி புஷ்பம் என் கடைக்கு வந்தாள். திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "சமோவா போயிட்டுப் பேசுறேன்னுல சொன்னாரு. கப்பலு ஏன் மச்சான் திரும்பி வருது?" என்றாள். அப்போதுதான் மாலுமியின் மூல மின்னஞ்சலைத் திறந்தேன். அந்தச் சின்னக் கோடு அதில் இருந்தது. ஏஜென்டுக்குப் போன் செய்து, "புதுத் தகவல் கிடைத்திருக்கிறது" என்றேன். மறுநாள் காலை மிதவையைக் கண்டுபிடித்தார்கள்.

வீட்டில் அழுதுகொண்டிருந்தவர்களிடம், "கப்பலோடயே போயிட்டான், ஒரு நிமிசந்தான், ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்று நானாகச் சொல்லி வைத்தேன். அது நிஜமாக இருக்க வேண்டும் என்று எனக்கு வெறியாக இருந்தது. கப்பலோடு போயிருந்தால் நான் கொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் பிஜிக்குப் போனேன்.

இனிப் பயணம்.

விமானத்தில் என்னைத் தவிர எல்லோரும் குதூகலமாக இருந்தார்கள். இறங்குமுன் ஒரு படிவம் கொடுத்தார்கள். வருகையின் நோக்கம்: விடுமுறை, வியாபாரம், உறவினரைப் பார்க்க. மூன்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு 'உறவினரைப் பார்க்க' என்பதில் குறி போட்டேன். நிலையத்தில் நாலு பேர் கிட்டார் வாசித்து, பூவைக் காதில் செருகிக்கொண்டு, "பூலா!" என்று வரவேற்றார்கள். வணக்கம் என்று அர்த்தமாம். அந்த நாட்டில் எதிரே வருகிறவர் எல்லாம் பூலா சொல்கிறார்கள். எங்கள் ஊரில் அறியாதவன் பேசினால், "எந்த ஊரு, யாரு வீடு" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த பேச்சு. இங்கே எதுவும் கேட்காமல் சிரித்துவிட்டுப் போகிறார்கள். கேட்காதது எனக்கு நிம்மதியாக இருந்தது.

சுவாவுக்குப் பேருந்தில் போனேன். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் தார்ப்பாயை இறக்கிவிட வேண்டும். பாதி வழியில் மழை வந்தது, என் பக்கத்துத் தார்ப்பாய் மட்டும் சிக்கிக்கொண்டு இறங்கவில்லை. தெப்பமாக நனைந்தேன். கொஞ்ச தூரத்தில் வண்டியும் நின்றுவிட்டது. நம் ஊராக இருந்தால் இந்நேரம் பத்துப் பேர் இறங்கி ஓட்டுநருக்கு இயந்திரம் பற்றி வகுப்பெடுத்திருப்பார்கள். இங்கே யாரும் அசையவில்லை, ஒருவர் பாட ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்த பருமனான அம்மாள் துண்டொன்றை என் தலையில் போட்டுத் துவட்டச் சொன்னார். பிறகு வாழையிலையைப் பிரித்து அவித்த மரவள்ளிக் கிழங்கும் டப்பா மீனும் கொடுத்தார். எங்கள் பக்கத்து மரவள்ளிதான், இன்னும் மாவாக இருந்தது. "தனியாகவா வந்தீர்கள்?" என்று கேட்டார். "தம்பி இங்கே இருக்கிறான்" என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. "நல்லது, தம்பி உங்களை நன்றாகக் கவனித்துக்கொள்வார்" என்றார் அவர்.

இரண்டாம் நாள் ஏஜென்டின் அலுவலகம். துறைமுகத்தை ஒட்டிய ஒரு தகரக் கூரை அறை. ஏஜென்ட் வயதானவர், மரியாதையானவர். நாற்காலியைத் துடைத்துப் போட்டார், டீயும் தேங்காய் பன்னும் வரவழைத்தார். அவருக்குப் பின்னால் சுவரில் என் வரைபடம் ஒட்டியிருந்தது. நான் வைத்த கடைசிப் புள்ளியைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் கட்டம் கட்டமாகப் போட்டு, ஒவ்வொரு கட்டமாக அடித்திருந்தார்கள். விமானம் தேடி முடித்த கட்டங்களாம். ஒரு கட்டம் விடாமல் அடித்திருந்தது. என்ன சிரத்தை! கடலே இல்லாத ஊர்க்காரன் தப்பாக வைத்த ஒரு புள்ளியைச் சுற்றி மூன்று நாள் அவ்வளவு ஒழுங்காகத் தேடியிருக்கிறார்கள்.

"மூன்றாம் நாள் நீங்கள் புதிய இடத்தைக் கண்டுபிடித்துச் சொல்லாவிட்டால் அந்த ஐந்து பேரும் பிழைத்திருக்க மாட்டார்கள்" என்றார் ஏஜென்ட். "முதலாளி உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்." எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்க அதைவிட நல்ல சமயம் கிடையாது. நான் பன்னைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டேன்.

கையெழுத்துப் போடும்போது அவர் சாதாரணமாகச் சொன்னார்: "மிதவையில் ஆறு பேர் ஏறியிருக்கிறார்கள். ஆறாவது உங்கள் தம்பி." எத்தனை நாள் இருந்தான் என்று கேட்டேன். அது தமக்குத் தெரியாது, கூட இருந்த சமையல்காரர் ஜோனே என்பவர் டவெயூனி என்ற தீவில் இருக்கிறார், அவரைக் கேட்கலாம் என்றார். சகாயத்தின் பெட்டியை அங்கேயே திறந்து காட்டினார்கள். நாலு சட்டை, ஒரு செபமாலை, புஷ்பம் போட்டுக் கொடுத்த எலுமிச்சை ஊறுகாய், பாதி தீர்ந்தது. ஊறுகாயை மட்டும் விமானத்தில் விடமாட்டார்கள் என்றார் அவர். வாங்கி மூடிவைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் டவெயூனிக்குப் படகு ஏற வேண்டும். காலையில் புறப்படும் என்றார்கள், சாயங்காலம் என்றார்கள், நாளைக்கு என்றார்கள். கேட்டால், "பிஜி நேரம்" என்று சொல்லிச் சிரிக்கிறார்கள். நம்மவர்கள் தாமதத்துக்கு ஒரு காரணமாவது சொல்வார்கள். துறையில் கட்டியிருந்த படகில் ஏறிக் காத்திருந்தபோது கொப்பரை வியாபாரி ஒருவர் அறிமுகமானார். பெயர் முனிசாமி. அவருடைய கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டக் கூலியாகக் கப்பலேறி வந்தவராம். இவருக்கு இந்தி வரும், ஆங்கிலம் வரும். தமிழில் ஏழெட்டுச் சொல் மிச்சம் இருந்தது. சோறு, தண்ணி, சாமி, அம்மா. ஒவ்வொன்றாகச் சொல்லி என் முகத்தைப் பார்ப்பார், நான் சரி என்பேன். ரொட்டியும் பலாக்காய்க் கறியும் கட்டி வந்திருந்தார், பங்கு கொடுத்தார். காரம் நம் காரமேதான்.

"எங்கள் பெரியவர்கள் மெட்ராஸ் என்று சொல்வார்கள். உங்கள் ஊர் மெட்ராஸிலிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். "நானூற்று இருபது கிலோமீட்டர் இருக்கும்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. கப்பல் நின்ற இடத்துக்கும் நான் புள்ளி வைத்த இடத்துக்கும் நடுவே இருந்த தூரத்தை நான் பலமுறை கணக்குப் போட்டிருக்கிறேன். அதுவும் ஏறக்குறைய அதே அளவுதான். திண்டுக்கல்லில் ஒருவன் உயிருக்குப் போராடும்போது சென்னையில் தெருத் தெருவாகத் தேடியிருக்கிறோம். அதன்பின் ரொட்டி இறங்கவில்லை. முனிசாமி படகு ஆடுவதால் என்று நினைத்துக்கொண்டார், படகோ இன்னும் கயிறே அவிழ்க்கவில்லை.

நாலாம் நாள் படகு உண்மையாகவே ஆடியது. பெரிய கடலில் நான் போவது அதுதான் முதல் தடவை. வரைபடத்தில் அதை வெளிர்நீலமாக, ஒரு சுருக்கமும் இல்லாமல் பார்த்துப் பழகியவன். நேரில் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது. ஒரு ஆள் தலை அளவுக்கு எதை மிதக்கவிட்டாலும் நூறு கஜத்தில் காணாமல் போய்விடும். வாந்தி எடுத்து எடுத்துக் குடல் வெளியே வந்துவிடும்போல் ஆனது. ஒரு பிஜிக்காரர் என் பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு, "கவலைப்படாதே, நான் பிடித்திருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

முனிசாமியின் சரக்கு வண்டியில் ஜோனேயின் கிராமத்துக்குப் போகும் வழியில் அந்தப் பலகை வந்தது. நூற்று எண்பதாவது தீர்க்கரேகை அந்தத் தீவை வெட்டிக்கொண்டு போகிறது. அதற்கு ஒரு பலகை நட்டு, ஒரு பக்கம் நேற்று, மறு பக்கம் இன்று என்று காட்டியிருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரத் தம்பதி காலுக்கொரு பக்கமாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "அது சும்மா. ஒரே தீவில் இரண்டு தேதி இருந்தால் பிழைக்க முடியுமா? தேதிக்கோட்டை நாட்டுக்கு வெளியே வளைத்துவிட்டார்கள்" என்றார் முனிசாமி. சமோவா அப்போது அந்த வளைவுக்கு அப்பால் இருந்தது. அங்கே போகும்போது ஒரே நாள் இரண்டு தடவை வரும். ஒருமுறை சகாயம் போனில், "அண்ணே, நேத்தும் ஞாயித்துக்கிழம, இன்னிக்கும் ஞாயித்துக்கிழம. ரெண்டு பூசைக்குப் போகணுமான்னு சாமியாரக் கேட்டுச் சொல்லு" என்றான். முனிசாமி வற்புறுத்தியதால் நானும் இறங்கிப் பலகைக்கு இப்புறமும் அப்புறமும் கால் வைத்தேன். இரண்டு பக்கமும் ஒரே புல், ஒரே ஈரம். படம் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினேன்.

அந்த ஊர் வழக்கப்படி ஒருவர் வீட்டுக்குப் போனால் யங்கோனா என்ற செடியின் வேர்க்கட்டைக் கொண்டுபோய் முன்னால் வைக்க வேண்டும். அதை இடித்துக் கரைத்துக் குடிப்பார்கள். வாங்கிக்கொள்கிறவர் கையைக் குவித்து மூன்று தடவை தட்டினால் ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். முனிசாமி சொல்லிக் கொடுத்தபடி ஒரு கட்டு வாங்கிப் போனேன். ஜோனே ஐம்பது வயது மனிதர், தென்னந்தோப்புக்குள் தகர வீடு. காலில் இன்னும் கட்டுப் போட்டிருந்தது. பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வேர்க்கட்டைத் தொட்டு, மூன்று தடவை தட்டினார். சகாயத்தின் அண்ணன் என்றதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவில்லை.

விமானம் எப்போது வந்தது என்று கேட்டேன். முதல் நாள் வரவில்லை என்றார். இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் காற்றாக இருக்கலாம். எந்தத் திசையில் என்றேன். மேற்கே என்றார். சகாயம் எப்போது போனான் என்றேன்.

"மூன்றாம் நாள், சூரியன் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்" என்றார் ஜோனே. "கப்பல் சாயும்போது ஒரு இரும்புக் கதவு அவன் நெஞ்சில் அடித்துவிட்டது. மூச்சு விடக் கஷ்டப்பட்டான். ஆனால் பயப்படவில்லை. எங்களைத்தான் தேற்றினான். உச்சி வெயில் வந்ததும், 'இப்போது என் அண்ணன் புள்ளி வைப்பான்' என்பான். 'என் அண்ணன் ஊரில் கடலே கிடையாது, ஆனால் நாம் எங்கே இருக்கிறோம் என்று நம் மாலுமியைவிட அவனுக்குத் தெரியும்' என்பான். முதல் நாள் நாங்கள் சிரித்தோம். இரண்டாம் நாளும் சொன்னான். மூன்றாம் நாளும் சொன்னான்."

முதல் நாளே விமானம் வந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டேன். ஜோனே யோசித்தார். "நான் சமையல்காரன். எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். பிறகு, "இரண்டாம் நாள்கூட எழுந்து உட்கார்ந்தான்" என்றார்.

நான் சொல்லிவிட்டேன். ஆங்கிலத்தில் எனக்கு அவ்வளவு சரளம் இல்லை. கழித்தல் குறி, பட்டியல், கிணறு என்று உளறினேன், அவருக்குப் புரியவில்லை. தென்னங்குச்சி ஒன்றை எடுத்துப் பாயின் நடுவே வைத்தேன். அந்தப் பக்கம் விரல் வைத்து, நீங்கள் இங்கே இருந்தீர்கள் என்றேன். இந்தப் பக்கம் விரல் வைத்து, நான் இங்கே என்று சொல்லிவிட்டேன், மூன்று நாளும் இங்கேதான் தேடினார்கள் என்றேன். அது புரிந்தது. முனிசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

ஜோனே குச்சியை எடுத்துப் பாய்க்கு வெளியே வைத்தார். பிறகு வேர்க்கட்டை எடுத்து என் முன்னால் திருப்பி வைத்தார். "இதை நான் வாங்கிக்கொள்ள முடியாது. நான் உயிரோடு இருக்கிறேன். இதை வாங்கிக்கொள்ள வேண்டியவர் உங்கள் ஊரில் இருக்கிறார்" என்றார். குரலில் கோபம் இல்லை. சாப்பிடாமல் போகக் கூடாது என்று அவர் மனைவியைக் கூப்பிட்டார். சேப்பங்கிழங்கு மாதிரி ஒரு கிழங்கும் தேங்காய்ப்பாலில் வேகவைத்த மீனும் வந்தது. இரண்டு நாளாக ஒன்றும் இறங்காதவன் அன்று இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். பங்கு இதழ்க்காரர் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார் அல்லவா, அதனால் எழுதுகிறேன். அந்த மீன் மிகவும் ருசியாக இருந்தது. அதற்காக என்னை நானே காறித் துப்பிக்கொள்ளலாம்.

வேரை விமானத்தில் விடமாட்டார்கள் என்று முனிசாமியே வாங்கி வைத்துக்கொண்டார். வெறுங்கையும் தம்பியின் பெட்டியுமாக ஊர் வந்து சேர்ந்தேன்.

மறுநாள் நிலக்கோட்டை போனேன். புஷ்பம் அங்கே ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பூச்சந்தைக்குப் பின்னால் வாடகை வீடு. சாயங்காலம் நான் போனபோது பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். "வாங்க மச்சான், செத்த நேரம் உக்காருங்க. சோறு இருக்கு, வெஞ்சனந்தான் ஒண்ணும் வைக்கல" என்றாள். சாப்பாடு வேண்டாம் என்றேன். பெட்டியை வைத்தேன். அவள் அதைத் திறக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கிணற்றுப் பட்டியல், துடைத்த கோடு, ஏஜென்டின் போன், அவள் வந்து திரையைப் பார்த்துக் கேட்ட கேள்வி, மிதவை, ஜோனே, மூன்று நாள். ஒன்றையும் விடவில்லை. அழுவாள், திட்டுவாள், வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்தேன். செருப்பைக் கழற்றி அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. அதை மறைக்கவில்லை.

"அப்ப அவரு கப்பலோட போகலயா?" என்றாள்.

"இல்லம்மா."

"மூணு நாளு உசுரோட இருந்தாரா?"

"ஆமா."

கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடி நோட்டின்மேல் வைத்தாள். "ஒரு நிமிசந்தான், ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க மச்சான். அத நெனச்சுக்கிட்டுத்தான நான் தூங்குறேன்."

இத்தனை நாள் நான் தூக்கிக்கொண்டு அலைந்ததை அவள் மடியில் இறக்கிவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. வேரைத் திருப்பிக் கொடுத்த ஜோனே அந்த ஆளிடம் போய்ச் சொல் என்றார். அந்த ஆளுக்கு அது என்ன செய்யும் என்று நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

அவள் என் தப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அது அவள் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. வேறு கேள்விகள் கேட்டாள்.

"வெயிலுக்கு மேல போத்திக்க ஏதாச்சும் இருந்துச்சா?"

தெரியவில்லை என்றேன்.

"மூச்சு விடக் கஷ்டப்பட்டாராமே, யாரு மேலயாச்சும் சாஞ்சுக்கிட்டாரா, தனியாக் கெடந்தாரா?"

தெரியவில்லை என்றேன்.

"தண்ணியாச்சும் இருந்துச்சா மச்சான்? கேட்டுக் குடிச்சாரா?"

ஜோனேயின் பாயில் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். விமானம் எந்த நாள் வந்தது, எந்தத் திசையில் சத்தம் கேட்டது, முதல் நாளே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், எல்லாம் துருவித் துருவிக் கேட்டேன். என் தம்பி தண்ணீர் குடித்தானா என்று நான் கேட்கவில்லை.